சிவப்புத் துணி கட்டிய மரம்

தெருவில் எந்த மரம் இருக்க வேண்டும், எந்த மரம் போக வேண்டும் என்பதைத் தெருக்காரர்களே முடிவு செய்யலாம் என்று நகராட்சி அறிவித்தபோது யாரும் நம்பவில்லை. நகராட்சி எதையும் கேட்டுவிட்டுச் செய்ததாக அந்தப் புறநகரில் யாருக்கும் ஞாபகமில்லை. குழாய்க்குப் பள்ளம் தோண்டினால், யாராவது அதில் விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும்.

இந்த முறை கேட்டார்கள். மழைநீர் வடிகால் வரப்போகிறது. அதை ஒட்டி, நடக்கவும் சைக்கிள் விடவும் ஒரு பாதை. பசுமைப் பாதை என்று பெயர் வைத்திருந்தார்கள். பாதைக்கு இடம் வேண்டும். இடத்துக்காகச் சில மரங்கள் போக வேண்டும்.

"பசுமைப் பாதைக்கு மரத்த வெட்டறீங்களா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். உதவிப் பொறியாளரும் சிரித்தார். சின்ன வயதுக்காரர். அவர் சிரித்ததால்தான் கூட்டம் கலையாமல் இருந்தது.

"பாதி மரத்தக் காப்பாத்திடலாம். எந்தப் பாதின்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. காப்பாத்த வேண்டிய மரத்துல ஒரு பச்சைத் துணி கட்டிடுங்க. அது போதும்."

துணி என்றதும் கூட்டம் மொத்தமும் தையல்காரியைத் திரும்பிப் பார்த்தது.

"டைலரக்கா இருக்கும்போது நமக்கென்ன கவலை" என்றாள் எதிர்வீட்டு டீச்சர். "அவங்க நம்பரையே காண்ட்ராக்டர்கிட்ட குடுத்துடுங்க சார். சந்தேகம்னா அவங்களக் கேக்கட்டும்."

வேண்டாம் என்று சொல்லத் தையல்காரி வாயைத் திறந்தாள். அதற்குள் பொறியாளர் எண்ணைக் கேட்டுவிட்டார்.

எந்தெந்த மரம் என்ற பேச்சு வந்தபோது டீச்சரே முதல் ஆளாக எழுந்தாள். "வளைவுல இருக்கிற தூங்குமூஞ்சி மரம் கட்டாயம் இருக்கணும். டிரைவரண்ணனுக்கு அதுதான் துணை." அதற்கு மட்டும் ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. மற்ற மரங்களுக்கு அடிதடி நடக்காத குறைதான்.

டிரைவரண்ணன் என்றால் தையல்காரியின் கணவர். நகரப் பேருந்து ஓட்டியவர். ஒரு விபத்துக்குப் பிறகு அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வீட்டின் முன்னறையில் ஜன்னலை ஒட்டி அவருடைய கட்டில். எதிர்ச் சுவரை ஒட்டி அவளுடைய தையல் மெஷின். ஜன்னல் நிறைய அந்த மரம்.

அதன் இலைகள் பொழுது சாய்ந்தால் மூடிக்கொள்ளும். மழை வருவதற்கு முன்பும் மூடிக்கொள்ளும். அவர் பார்த்துச் சொல்வார், அவள் கொடியிலிருந்து துணியை எடுப்பாள். வானிலை அறிக்கை பொய்த்திருக்கிறது, அவர் சொன்னது பொய்த்ததில்லை.

"இந்த வீட்டுக்கு ரெண்டு தூங்குமூஞ்சி" என்பார். "ஒண்ணு வெளியில, ஒண்ணு உள்ள. உள்ள இருக்கிறதுதான் அப்பப்போ டீ கேக்கும்."

கிளையில் வந்து உட்காரும் ஒரு காகத்துக்குக் கவுன்சிலர் என்று பெயர் வைத்திருந்தார். "வந்து ஒரு கத்து கத்திட்டுப் போயாச்சு. இனி அடுத்த எலெக்ஷனுக்குத்தான் வரும்."

அவளுக்கும் மரத்துக்கும் அவ்வளவு ஒட்டுதல் இல்லை. தினமும் அள்ள அள்ளச் சருகு. வேர் உள்ளே போய்க் கழிவுநீர்க் குழாயை இரண்டு முறை உடைத்துவிட்டது. மரம் வெளிச்சத்தை மறைத்ததால் பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுத் தைத்தாள். கறுப்புத் துணி வந்தால் கண்ணுக்கும் ஊசிக்கும் சண்டை.

"சனியன், இந்த மரம் இல்லேன்னா வீட்டுக்குக் கொஞ்சம் வெளிச்சமாவது வரும்" என்று எத்தனையோ முறை முணுமுணுத்திருக்கிறாள். மெஷினோடு பேசுவதுபோலத்தான் பேசுவாள். அவர் காதில் விழும் என்று நினைத்ததில்லை.

பள்ளிச் சீருடை தைத்ததில் பச்சைத் துணி மிச்சம் இருந்தது. அதை நீளவாக்கில் கிழித்துத் தெருவுக்குக் கொடுத்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்தபோது அவளுடைய மரத்துக்குப் பச்சை இல்லை. தலையணை உறை தைத்த சிவப்பில் ஒரு துண்டு கிடைத்தது. துணிதானே என்று அதைக் கட்டினாள். கட்டியதை அவர் ஜன்னல் வழியே பார்த்தார்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் பச்சை, நமக்கு மட்டும் சிவப்பா?"

"தீந்துபோச்சுங்க."

"பரவால்ல. சிவப்புன்னா நில்லுன்னு அர்த்தம். டிரைவர் வீட்டு மரம், புரிஞ்சிக்கும். நிக்கும்."

தெருக்காரர்கள் ஒன்றுகூடி முடிவெடுத்த விதம் நகராட்சிக்குப் பிடித்துப்போனது. மாதாமாதம் வரும் நகராட்சிச் செய்தி மடலில் போட வேண்டும், நகராட்சி மன்றத்துக்கு வந்து பாராட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் பொறியாளர். டீச்சரும் தையல்காரியும் போவதென்று முடிவானது.

அன்று காலை அவருக்கு உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீரும் போனும் வைத்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"போட்டோ எடுத்தா சிரிக்கணும். அளவெடுக்கிற மூஞ்சிய வெச்சிட்டு நிக்காத" என்றார்.

மன்றத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. புது எண். வராந்தாவுக்கு எழுந்து போனாள். உள்ளே ஒலிபெருக்கியில் ஒருவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். போனுக்குள் அதைவிடப் பெரிய சத்தம். மரமறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் காண்ட்ராக்ட் மேஸ்திரி பேசறேன். பச்சை கட்டின மரத்தத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இங்க வளைவுல ஒரு தூங்குமூஞ்சியில சிவப்பு கட்டியிருக்கு. இத என்ன பண்ணட்டும்?"

"அதையும் விட்டுடுங்க."

"என்னக்கா? கேக்கல."

"விட்டுடுங்க. விட்டுடுங்கன்னு சொல்றேன். அது எங்க வீட்டு மரம்தான்."

"உங்க மரம்தானா? அப்ப சரிக்கா. செஞ்சிடறேன்."

விட்டுவிடுவதில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. உள்ளே போனாள். போன்களின் சத்தத்தை அணைத்துவிடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். அணைத்தாள். நகராட்சித் தலைவர் கையால் சான்றிதழ் வாங்கும்போது, சிரிக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்து சிரித்தாள்.

திரும்பும் பேருந்தில் போனை எடுத்துப் பார்த்தாள். அவரிடமிருந்து வரிசையாக அழைப்புகள். ஒன்றன்பின் ஒன்றாக விடாமல் கூப்பிட்டிருந்தார். பிறகு அழைப்பு நின்றுபோயிருந்தது. உடனே கூப்பிட்டாள்.

"என்னங்க? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"விழுந்துட்டீங்களா?"

"ஒண்ணுமில்லம்மா. மெதுவா வா."

டீச்சர் கடைவீதியில் வேலை இருக்கிறது என்று வழியிலேயே இறங்கிக்கொண்டாள். தையல்காரி மட்டும் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் இறங்கினாள். பெரிய சாலையின் ஓரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. துண்டு போட்ட மரம் அதில் ஏறிக்கொண்டிருந்தது. அடிமரத் துண்டு ஒன்றில் சிவப்புத் துணி இன்னும் கட்டியபடியே இருந்தது. முடிச்சு அவள் போட்டது. அவிழவில்லை.

"டைலரக்காவா?" என்று ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டே வந்தார். மேஸ்திரி. "சுத்தமா முடிச்சாச்சுக்கா. வேர மட்டும் நாளைக்கு எடுத்துடறோம்."

அவள் லாரியையே பார்த்தாள்.

"யாரு வெட்டச் சொன்னா?"

"நீங்கதானேக்கா? போன்ல கேட்டேனே. வெட்டிடுங்கன்னீங்க."

"விட்டுடுங்கன்னு சொன்னேன்."

"வெட்டிடுங்கன்னுதானேக்கா சொன்னீங்க?"

"விட்டுடுங்க. விட்டுடுங்க."

இரண்டு பேரும் அந்தச் சொல்லை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். லாரியில் ஏறி நின்றவன் இருவரையும் பார்த்தான். திரும்பத் திரும்பச் சொன்னதில், தான் போனில் எதைச் சொன்னோம் என்பதே அவளுக்கு ஒரு கணம் சந்தேகமாகிவிட்டது. நாக்கு எத்தனை நாள் முணுமுணுத்தது. அதுவே முந்திக்கொண்டு சொல்லியிருக்குமோ?

மேஸ்திரியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "சிவப்புன்னா எங்க வேலையில வெட்டறதுதான்கா. பெயிண்ட்லகூட அப்படித்தான் போடுவோம். அந்தச் சத்தத்துல நீங்க சொன்னது அப்படித்தான் விழுந்துச்சு. உங்க மரம்னு வேற சொன்னீங்க. இன்ஜினியருக்குப் போச்சுன்னா என் வேலை போயிடும்கா."

"மத்த மரத்துல கை வைக்காதீங்க" என்றாள்.

தெருவுக்குள் நடந்தாள். வளைவு திரும்பியதும் வேறு தெருவுக்கு வந்துவிட்டதுபோல இருந்தது. அத்தனை வெயில். அவள் வீட்டுச் சுவரில் இவ்வளவு அழுக்கு இருப்பது இதுவரை தெரிந்ததில்லை. மரம் இருந்த இடத்தில் ஈரமான மரத்தூளும் வெட்டிய அடிக்கட்டையின் வெளிர் மஞ்சள் வட்டமும். அதைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவரிடம் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது என்று யோசித்தாள். நான் சொல்லவில்லை. அவர்கள் காதில் தப்பாக விழுந்துவிட்டது. நான் விடச் சொன்னேன். அவர் நம்ப வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

முன்னறை முழுக்க வெளிச்சம். கட்டிலில் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படுத்திருந்தார். தண்ணீர் வைத்திருந்த டம்ளரைக் காணவில்லை.

"வந்துட்டியா? போட்டோல சிரிச்சியா?"

"என்னங்க, நான்..."

"இரு. நானே சொல்லிடறேன். இல்லேன்னா நீ பயந்து பயந்து ஆரம்பிப்பே." தலையணையில் தலையை நகர்த்தி வெயிலுக்குத் தள்ளி வைத்துக்கொண்டார். "மொதல்ல எனக்கு வந்த கோவம் இருக்கே. கத்துனேன். டேய் டேய்னு கத்துனேன். மேல இருந்தவனுங்க காதுல என்னத்தையோ மாட்டியிருந்தானுங்க. எங்க கேக்கப்போவுது. உனக்கு அடிச்சேன், நீ எடுக்கல. கைல கெடச்சது டம்ளர். ஜன்னல் கம்பி வழியா விட்டெறிஞ்சேன். ஒருத்தன் திரும்பிப் பாத்தான். மிஷின நிறுத்திட்டானுங்க."

"நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்திட்டானுங்க. ஒரு பையன் ஜன்னல்கிட்ட வந்து நல்லாத்தான் பேசினான். ஐயா, உங்க வீட்டம்மாதான் போன்ல வெட்டச் சொன்னாங்களாம், மேஸ்திரி சொன்னாரு. உங்களுக்கு இஷ்டமில்லேன்னா சொல்லுங்க. இப்ப ரெண்டு கிளைதான் போயிருக்கு, இத்தோட விட்டா மரம் பொழைச்சுக்கும்னான்."

அவள் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மரத்தப் பாத்தேன். அவனும் நின்னுட்டே இருந்தான். அப்பதான் யோசிச்சேன். இந்தக் கட்டிலுக்கு நான் வந்ததுலேர்ந்து நீ உனக்குன்னு என்ன கேட்டிருக்கே? ஒண்ணும் கேட்டதில்ல. இருட்டுல உக்காந்து கண்ணக் கெடுத்துக்கிறே. மரத்தத் திட்டுவே, சருக அள்ளுவே, மறுபடி உக்காருவே. எனக்குக் காது நல்லாத்தானே கேக்குது. எங்கிட்ட கேட்டா எனக்கு வருத்தமா இருக்கும்னு, நீ இல்லாத நேரமாப் பாத்து முடிக்கச் சொல்லியிருக்கே. அது எனக்குப் புரியாதா?"

அவர் சிரிக்கப் பார்த்தார்.

"வெட்டுடான்னுட்டேன். அவன் நெசமாவான்னு கேட்டான். வீட்டம்மா சொன்னாச் சொன்னதுதான், நான் வெறும் டிரைவர், ஓனர் அவங்கதான்னேன். சிரிச்சிட்டுப் போனான்."

வெளியே யாரோ சைக்கிளில் போனார்கள். மரத்தடியில் எப்போதும் வேகம் குறைக்கும் சைக்கிள்கள். அது குறைக்காமல் போனது.

அவளுடைய வாயில் அந்தச் சொல் அப்படியே இருந்தது. விடச் சொன்னேன். அதைச் சொன்னால் அவள் மேல் பழி இல்லை. சொன்னால், பிழைத்திருக்க வேண்டிய மரத்தை வெட்டச் சொன்னவர் அவராகிவிடுவார். எழுந்து போய் மறக்க அவருக்கு இடமில்லை. அந்த ஜன்னலைப் பார்த்தபடி, தன் வாயால் சொன்ன ஒரு வார்த்தையைப் பார்த்தபடி, படுத்திருக்க வேண்டும். எத்தனை வருஷமோ.

"நீதானே சொன்னே?" என்று கேட்டார். அவள் பேசாமல் இருந்ததால் கேட்டார். குரலில் லேசாக ஒரு பயம் தட்டுப்பட்டது. அது அவள் காதில் விழுந்தது.

"ஆமா" என்றாள். "நான்தான் சொன்னேன்."

"அதானே."

"உங்ககிட்ட கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்."

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். விடு."

மறுநாள் பொறியாளர் கூப்பிட்டார். குரல் பதறியது. துணி கட்டிய மரம் எப்படிப் போயிற்று, நீங்கள் புகார் கொடுத்தால் காண்ட்ராக்டர்மேல் நடவடிக்கை எடுக்கலாம், வார்டு கூட்டத்தில் வைத்து மேஸ்திரியை விசாரிக்கலாம் என்றார். விசாரித்தால் தெருவே பேசும். தெரு பேசினால் உண்மை ஜன்னல் வழியே உள்ளே வரும்.

"புகார் இல்ல சார். நான்தான் வெட்டச் சொன்னேன்."

பொறியாளரின் குரல் மாறியது.

"அப்ப எதுக்குமா அந்த மரத்துக்குன்னு ஒரு இடத்த ஒதுக்க வெச்சீங்க? அதுக்குப் பதிலா இன்னொரு மரம் நின்னிருக்கும்."

"தப்புதான் சார்."

செய்தி மடலில் அவளுடைய படம் வரவில்லை. டீச்சர் தனியாகச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் வந்தது. பக்கத்தில் யாரோ நின்றிருந்த அடையாளமாக ஒரு புடவைத் தலைப்பு மட்டும் ஓரத்தில் தெரிந்தது. குழாயடியில் அவள் போனால் பேச்சு நிற்கும். தைக்கக் கொடுத்திருந்த துணியை இரண்டு வீட்டில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கல்யாணம் தள்ளிப்போய்விட்டது என்றாள் ஒருத்தி. கல்யாணம் நடந்தது. இவளுக்கு அழைப்பு இல்லை.

ஒரு நாள் மத்தியானம் டீச்சர் வந்தாள். உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணும். உங்களுக்குத் துணைன்னு சொல்லித்தானே நான் அன்னிக்குக் கூட்டத்துல எழுந்து நின்னேன்? கிழக்குப் பக்கம் இருந்த பூமரத்த விட்டுக் குடுத்தோம், உங்க மரம் நிக்கணும்னு. ஊரு மரத்துக்கெல்லாம் துணி கட்டற மாதிரி கட்டி, எங்கள ஏமாத்திட்டு உங்க வீட்டம்மா..."

தையல்காரி அடுக்களையில் நின்றிருந்தாள். கையில் இருந்த பாத்திரத்தைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள்.

"டீச்சர்" என்றார் அவர். பேருந்தில் படிக்கட்டில் தொங்குபவர்களை உள்ளே போகச் சொல்லும் குரல் அது. வெகுநாளாக அவள் அதைக் கேட்கவில்லை. "அவள ஒண்ணும் சொல்லாதீங்க. எங்கிட்ட கேட்டுத்தான் செஞ்சா. நான்தான் சரின்னேன். வீட்டுக்குள்ள வந்து பாருங்க, இப்ப எவ்வளவு வெளிச்சம்னு. இத்தன வருஷம் எனக்காக அவ இருட்டுல உக்காந்திருந்தா. யாராவது கேட்டீங்களா? நானும் கேக்கல."

டீச்சர் என்ன சொன்னாள் என்று சரியாகக் கேட்கவில்லை. செருப்புச் சத்தம் தெருவைக் கடந்து போனது.

தையல்காரி முன்னறைக்கு வந்தாள். வெயில் கட்டிலின் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். கண் ஓரத்தில் நீர். வெயிலால் இருக்கலாம்.

"ஒரு திரை தெச்சுப் போடட்டுமா?"

"வேணாம். அப்புறம் மரம் போயும் பிரயோஜனமில்ல." கண்ணை மூடிக்கொண்டார். "நல்லாச் சொன்னேனா டீச்சர்கிட்ட?"

"நல்லாச் சொன்னீங்க."

"ஒரு பொய்யும் சேத்துச் சொன்னேன். நீ எங்கிட்ட கேட்டேன்னு."

அவள் அவருடைய கழுத்துக்குக் கீழே நகர்ந்திருந்த தலையணையைச் சரிசெய்தாள். அதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

"போ, வேலையப் பாரு" என்றார். "வெளிச்சம் இருக்கும்போதே. மிஷின் ஓடற சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வரும்."

மெஷினில் போய் உட்கார்ந்தாள். நூலை எச்சில் தொட்டுக் கூராக்கினாள். ஊசிக் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோனாள். அறை முழுக்க வெளிச்சம், ஊசி மட்டும் கலங்கித் தெரிந்தது. மறுபடி முயன்றாள். நூல் பக்கவாட்டில் வளைந்தது.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?"

"இதோ" என்றாள். நூலை மடியில் போட்டுவிட்டு, துணியை ஊசிக்கடியில் வைத்து மிதித்தாள். மெஷின் ஓடியது. துணி நீளத்துக்கு வரிசையாக ஓட்டை விழுந்துகொண்டே போனது.